அரை நிமிட ஓய்வு யாருக்குப் போதும்?

சின்ன மாமா, காலை 7.12
இன்று தம்பியோடு சேர்ந்து அவனுடைய இடைவெளிப் பயிற்சியைச் செய்து பார்த்தேன். 30 விநாடி வேக ஓட்டம், 30 விநாடி நடை, மொத்தம் 10 சுற்று. ஐந்தாவது சுற்று முடிந்ததும் குமட்டிக்கொண்டு வந்து, கண் இருண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனோ பத்தையும் முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். இருவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துத்தானே ஓடினோம்? வயது என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

அத்தை, காலை 7.15
கண் இருண்ட செய்தியை நான் குழுவில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அக்கா, காலை 7.31
மாமா, நெஞ்சில் அழுத்தமோ, கையிலோ தாடையிலோ வலியோ இருந்ததா? ஓய்வு நேரத்தில் உண்மையாகவே நடந்தீர்களா?

சின்ன மாமா, காலை 7.34
வலி எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு நடக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, காலை 7.52
கண் இருண்டதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. திடீரென்று நின்றுவிட்டால் இரத்தம் கால்களிலேயே தேங்கி, இரத்த அழுத்தம் இறங்குகிறது. இருந்தாலும், மருத்துவரைப் பார்க்காமல் இனி வேக ஓட்டம் வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் சுமை ஒன்றல்ல. தம்பியின் உச்சத் திறனுக்குள் அடங்குகிற ஒரு வேகம், உங்கள் உச்சத்தைத் தாண்டியதாக இருக்கலாம். அந்தக் கூடுதல் தேவையை ஆக்சிஜன் இல்லாத வழியில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் உங்கள் தசையில் அமிலத்தன்மை விரைவாக ஏறுகிறது. குமட்டல் அதையொட்டி வருவதுதான். ஆனால் என் கணிப்பில், உங்களை வீழ்த்தியது ஓட்டத்தைவிட ஓய்வுதான். வேக ஓட்டத்தின் முதல் சில விநாடிகளுக்குத் தசை பாஸ்போகிரியேட்டின் என்ற கையிருப்பைச் செலவழிக்கிறது. அது மீண்டும் நிரம்புவதற்கு ஆக்சிஜன் வேண்டும். பயிற்சி பெற்ற தசையில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதிகம் என்பதால், அதே 30 விநாடியில் அவனுக்கு நிரம்புகிற அளவு உங்களுக்கு நிரம்புவதில்லை. குறைகுடத்தோடு இரண்டாம் சுற்றைத் தொடங்கி, அதைவிடக் குறைந்த குடத்தோடு மூன்றாவதைத் தொடங்கினால், ஐந்தாவது சுற்றில் உட்காராமல் என்ன செய்வீர்கள்?

தம்பி, காலை 8.03
எனக்கு மட்டும் சுகமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசிச் சுற்றில் என் இதயத்துடிப்பும் உச்சத்தைத் தொட்டது.

அக்கா, காலை 8.14
பலரும் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உச்ச இதயத்துடிப்பு பயிற்சியால் ஏறுவதில்லை; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவுதான் கூடுகிறது. அவரவர் முழு முயற்சியில் ஓடினால், நன்கு பயிற்சி பெற்றவரின் இரத்தத்தில், கடும் உழைப்பில் தசை வெளியிடும் லாக்டேட்டும், அட்ரினலினும் புதியவரைவிட அதிகமாகவே ஏறக்கூடும், ஏனென்றால் அவரால் அதிக ஆற்றலை வெளிப்படுத்த முடிகிறது. முழு முயற்சியின் கடுமையை உடல் தகுதி குறைப்பதில்லை, மீளும் நேரத்தைத்தான் குறைக்கிறது. ஓட்டம் நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்கியது என்று உன் கைக்கடிகாரத்தையும் மாமாவுடையதையும் ஒப்பிட்டுப் பார்.

தம்பி, காலை 8.17
எனக்கு 41, மாமாவுக்கு 17.

சின்ன மாமா, காலை 8.20
அப்படியானால் இந்தப் பயிற்சி எனக்கு உரியது இல்லையா? நான்கு நிமிடத்தில் முடிகிற ஜப்பானிய முறை ஒன்று இருக்கிறதாமே?

அக்கா, காலை 8.41
இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த முறை அது: 20 விநாடி முயற்சி, 10 விநாடி ஓய்வு, 7 அல்லது 8 சுற்று. ஆக்சிஜன் உட்கொள்ளும் உச்ச அளவுக்கு உரிய வேலையைப் போல் 170 விழுக்காடு கடுமையில் சைக்கிள் மிதித்தவர்கள், ஏற்கெனவே உடற்பயிற்சியில் ஈடுபட்டிருந்த இளைஞர்கள். அதைப் புதியவர் அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பயிற்சி உங்களுக்கு உரியதுதான். தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்குகிறவருக்கே பொதுவாக முன்னேற்றத்தின் விகிதம் அதிகம், தம்பியின் உடலுக்கு இந்தத் தூண்டுதல் பழகிப்போய்விட்டது. மருத்துவர் சரி என்றால், 30 விநாடி விரைவு நடை அல்லது மெல்லோட்டத்தில் தொடங்குங்கள். முழு வாக்கியம் பேச முடியாமல் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் வருகிற அளவு கடுமை போதும். இடையில் 90 முதல் 120 விநாடி நடங்கள், நிற்காதீர்கள். நான்கு சுற்று, வாரத்துக்கு இரண்டு முறை. இரத்தத்தின் நீர்ப்பகுதி முதல் ஓரிரு வாரத்திலேயே கூடத் தொடங்குவதால் மாற்றத்தை விரைவில் உணர்வீர்கள். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பி ஓட வேண்டாம். ஆளுக்கு ஆள் அது 10, 12 துடிப்பு வரை எளிதாகப் பிசகும்.

இன்னொன்று: நாளையும் மறுநாளும் தசைவலி கூடுவது இயல்பு. ஆனால் சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனால், தசைச் சிதைவாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சின்ன மாமா, காலை 8.46
சரி, மருமகளே. தம்பி இனி எனக்கு முன்னால் ஓடாமல் பின்னால் வரட்டும். அவனைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டினேன்.

அத்தை, காலை 8.49
வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை ஓட்டக் காலணி என் அலமாரியில் இருக்கும்.