பேஸ்மென்றில கிடந்த வாழை: பிழைச்சதும் பிழைக்காததும்

ஸ்காபரோ கதலி
மூண்டு வாழை. ஒக்டோபர் கடைசியில உறைபனி பட்டு இலை கறுத்ததும், வழமைபோல வெட்டி, கிளப்பி, மண்ணை உதறி பேஸ்மென்றில சாத்தி வைச்சன். ஏப்ரலில போய்ப் பார்த்தா வெளிமடல் எல்லாம் ஊறின கடதாசி. மணத்தைப் பற்றிக் கேக்காதேங்கோ. ரெண்டைப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டன், குப்பை லொறி கொண்டு போயிட்டுது. அடுத்த கிழமை மூண்டாவதைத் தூக்கேக்க மடல் கையோட கழண்டு வந்துது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. நாலாவதுக்குள்ள வெள்ளை வெளேரெண்டு சுண்டுவிரல் மொத்தத்தில குருத்து! தொட்டா சில்லெண்டு இருந்தது, துளி நாத்தமில்லை. இப்ப அது கொல்லைக்குள்ள அஞ்சு இலையோட நிக்குது. எனக்கெண்டா போன ரெண்டும்தான் கண்ணுக்குள்ள நிக்குது. அதுகளுக்குள்ளயும் குருத்து இருந்திருக்குமோ?

ஜெர்சித் தோட்டம்
சாத்தி வெச்சதுதான் சார் தப்பு. ரெண்டு வாரமாவது தலைகீழா வெச்சு மடல்ல நிக்கிற தண்ணிய வடிச்சிருக்கணும். என் கட்டைய மார்ச்ல கத்தியால சீவிக்கிட்டே வந்தேன். பழுப்பு, பழுப்பு, அப்புறம் வெள்ளை. அதோட நிறுத்திட்டுக் காபி குடிச்சிட்டு வந்து பார்த்தா, நடுக்குருத்து மட்டும் நகத்தளவு எழும்பி நிக்குது. நாலு மாசம் சொட்டுத் தண்ணி காணாத கட்டை!

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். தொட்டியில வெச்சதும் ஒரு தடவை தண்ணி ஊத்துங்க, இலை விரியுற வரைக்கும் கை வைக்காதீங்க. வேர் கிடையாது, ஊத்துற தண்ணிய யார் குடிக்கிறது? கிழங்குதான் அழுகும். பனிக்காலத்துல அழுகிச் செத்ததைவிட ஏப்ரல்ல பாசமா தண்ணி ஊத்திச் செத்ததுதான் எங்க தெருவுல அதிகம். உரமும் வேண்டாம். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகாதுன்னு தெரிஞ்சப்புறம் வெளிய எடுங்க, அதுவும் முதல் ஒரு வாரம் நிழல்ல. வீட்டுக்குள்ள விரிஞ்ச இலை, நேர் வெயில் பட்டா ஒரே நாள்ல வெளுத்துடும். சேமிக்கிற இடம் 5லேர்ந்து 10 டிகிரி இருக்கணும். ஹீட்டர் பக்கத்துல வெச்சா கட்டை காய்ஞ்சு சக்கையாயிடும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா
தம்பி, தலைகீழா வையெண்டு லேசாச் சொல்லிப்போட்டீர். என்ர அபிசீனியச் செவ்வாழை, அதுதான் அழகுக்கு வளக்கிற சிவத்த இலை வாழை, என்னளவு உயரம். அதைப் புரட்ட நானும் இவரும் மட்டும் காணாது, பக்கத்து வீட்டுக்காரரும் வரவேணும்.

சீவினா வெள்ளை வரும் எண்டதும் எப்பவும் சரியில்லை. போன வருசம் சீவிச் சீவி அடிக்கு வந்திட்டன், நடுவில ஓட்டை. விரலை விட்டன், ரெண்டாவது கணு வரைக்கும் கூழ். இந்தச் சாதி வாழை தானாக் குட்டி போடாது, குருத்துப் போனா முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் எறியிறது. ஆனா எதியோப்பியாவில வேணுமெண்டே நடுக்குருத்தைத் தோண்டி எடுத்திட்டுத்தான் கிழங்கைப் புதைக்கிறவை. அப்பத்தான் சுத்திவரக் குட்டி வெடிக்கும். நானும் கூழை வழிச்சு, சாம்பல் பூசி, ரெண்டு நாள் காயவிட்டுத் தாட்டன். ஜூன் கடைசியில விளிம்பில ஏழு முளை, கோழிக்குஞ்சுச் சொண்டு மாதிரி.

ஸ்காபரோ கதலி
அக்கா, இதை ஏப்ரலில சொல்லியிருக்கக்கூடாதோ? குப்பைத் தொட்டிக்குள்ள போடேக்க ரெண்டின்ர கிழங்கும் கல்லு மாதிரித்தான் இருந்தது. பாரம் தாங்காமல் மூடி ஆவெண்டு கிடந்தது.