எந்த மெசேஜ் ஆப்பை நம்பிப் பேசுகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி, பெண்கள் உதவிக் குழுத் தன்னார்வலர்:

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வர நினைக்கும் பெண்களுக்குத் துணை நிற்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் சட்டம் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே, "அக்கா, எதுல மெசேஜ் போட்டா அவருக்குத் தெரியாது?" என்று கேட்பார்கள். ஒரு ஆப் பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்தே எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் எல்லோருக்கும் இருக்கிறது. அனுப்புகிறவர் போன், பெறுகிறவர் போன் இரண்டில் மட்டும்தான் செய்தி திறக்கும். நடுவில் கம்பெனியாலும் படிக்க முடியாது. அப்படியிருந்தும் ஒரு பெண் தன் அம்மாவுக்கு அனுப்பியதெல்லாம் வரி பிசகாமல் கணவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. போனை வாங்கி, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கூகுள் குரோம், விண்டோஸ் என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே அன்று காலை நேரம். அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. அவள் தூங்கும்போது அவள் விரலை வைத்துப் போனைத் திறந்து, கணவர் தன் லேப்டாப்பில் வாட்ஸ்அப்பை இணைத்திருக்க வேண்டும்.

உடனே லாக் அவுட் செய்யத்தான் யாருக்கும் கை போகும். நாங்கள் செய்யவில்லை. அந்த இணைப்பு அறுந்தால் இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். அன்றிரவு அதே வீட்டில்தான் அவள் படுக்க வேண்டும். அதனால் ரேஷன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று வழக்கமான பேச்சை அதிலேயே தொடரச் சொன்னோம். கிளம்பும் ஏற்பாடெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து சாதாரண கால் மூலமாக நடந்தது. அம்மா வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் இணைப்பை வெட்டினோம்.

அதற்கப்புறம் புது சிம், புதுப் பின் நம்பர், 'சிக்னல்' என்ற மெசேஜ் ஆப். சிக்னலை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்ற வழியாக ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இவை இரண்டைத் தவிர சிக்னல் நிறுவனத்திடம் கொடுக்க எதுவும் இல்லை. யார் யாரிடம் பேசினார்கள் என்ற பட்டியலே அவர்களிடம் சேராது. 2024-இலிருந்து போன் நம்பரைக் காட்டாமல் யூசர்நேம் கொடுத்தும் பேசலாம்.

ஆனால் இன்னும் அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு சிக்னலை நான் சொல்லவே மாட்டேன். போனைச் சோதிக்கிற கணவர் அந்த நீல ஐகானைப் பார்த்தாலே "இது எதுக்கு?" என்பார். அவளுக்கு அப்போதைக்குப் பாதுகாப்பு, ஏற்கெனவே எல்லோர் போனிலும் இருக்கிற ஏதோ ஒன்றுதான். ஆப்பைப் பற்றிப் பேசுகிற பலரும் இதை யோசிப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

திருப்பூர், கணக்கு எழுதும் அலுவலகம்:

அக்கா, படிக்கும்போதே மனசு பதறியது. எங்கள் விஷயம் அந்த அளவு பெரியதில்லை, ஆனால் ஆப் சரியாக இருந்தும் செய்தி வெளியே போகிற கதைதான் இங்கேயும்.

ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி வேலைக்கு ஆதார், பான், பாஸ்புக் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வரும். ஜூலை மாதம் போன் முழுக்க அடுத்தவர் ஆவணம்தான். எங்களிடம் வேலை பார்க்கும் பையன் தங்கச்சி கல்யாண போட்டோ காட்டுவதற்காக கேலரியைத் தள்ளினான்; நடுவிலே ஒரு பார்ட்டியின் பான் கார்டு வந்து நின்றது. வந்த படத்தை வாட்ஸ்அப் கேலரியில் போட்டுவிடுகிறது. அந்த ஃபோல்டருக்கு பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸ் அதை மேலே ஏற்றிவிடும். அதே கூகுள் கணக்கு வீட்டில் பிள்ளைகள் விளையாடும் டேப்பிலும் இருந்தது! என்கிரிப்ஷன் உடையவே இல்லை, ஆவணம் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது ஆபீசுக்கென்று தனி போன். வந்த படத்தை கேலரியில் காட்டுகிற 'மீடியா விசிபிலிட்டி' ஆஃப். கோப்பைக் கம்ப்யூட்டரில் சேமித்துவிடுகிறோம், சாட் 7 நாளில் தானாக அழிகிற மாதிரி வைத்திருக்கிறோம். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் போதும் என்கிற இடத்தில் அதைத்தான் கேட்டு வாங்குகிறோம். இன்னொன்று: வாட்ஸ்அப் சாட் பேக்கப்புக்கும் பூட்டு போடும் வசதி 2021-இல் வந்தது, ஆனால் நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு மறந்துபோனால் வாட்ஸ்அப்பாலும் பேக்கப்பை மீட்டுத் தர முடியாது, எனவே எழுதி பீரோவில் வையுங்கள்.

வேறு ஆப்புக்கு மாறலாமே என்பீர்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புது நிபந்தனைகளைப் பார்த்து எங்கள் பார்ட்டிகள் பலர் சிக்னலுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிட்டார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் எல்லோரும் 'அரட்டை' என்ற ஆப்பை இறக்கினார்கள். நம் ஊர் ஆப் வளரட்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சமயத்தில் அதில் கால்களுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. அதனால் ஆவணம் எதையும் அதில் அனுப்பச் சொல்லவில்லை. எந்த ஆப்பாக இருந்தாலும் இந்த ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம்:

இங்கே வைபரும் வாட்ஸ்அப்பும்தான். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அரசாங்கம் இரண்டையும் முடக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு கண்டிக் கலவரத்தின்போதும் இதே கதைதான். கனடாவில் இருக்கிற மகள் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் தவித்துப்போனாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தடையைச் சுற்றிப் போக, கையில் கிடைத்த இலவச விபிஎன் ஆப்களை எல்லாம் இறக்கினார்கள். நான் தொடவில்லை. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒன்றின் வழியாக என் போன் தரவு முழுவதையும் விட எனக்கு மனமில்லை. சாதாரண கோல்தான் கைகொடுத்தது. இரண்டு நிமிடம் கதைத்தோம், போதும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், இணையம் இல்லாமல் எந்த நம்பருக்கு அடிப்பது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஷார்ஜா:

இங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. வீட்டு முகத்தைப் பார்த்துப் பேச 'போடிம்' என்ற ஆப் போட்டிருக்கிறோம். வழி அதுதான் என்றால் என்ன செய்வது? குழந்தையோடு கொஞ்சுவதற்கு அது. சீட்டுப் பணம், நிலத்தகராறு என்று வந்தால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பிவிடுவேன், அதற்குத் தடை இல்லை, பூட்டும் இருக்கிறது.

மதுரை, டிஎன்பிஎஸ்சி பயிற்சி ஆசிரியர்:

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் டெலிகிராமில். 2 ஜிபி வரை கோப்பு போகிறது, பெரிய குரூப் தாங்குகிறது, பாடக்குறிப்பு அனுப்ப அதைவிட வசதி வேறில்லை. பிரச்சினை என்னவென்றால், அது மிகவும் ரகசியமான ஆப் என்று அவர்கள் நம்புகிறார்கள். சாதாரண டெலிகிராம் சாட்டில் எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குரூப்புக்கு அதுவும் இல்லை. மற்றதெல்லாம் கம்பெனி சர்வரில் இருக்கிறது, திறக்கும் சாவியும் அவர்களிடம்தான். ஒரு மாணவி குரூப் 4 தேர்வு மெட்டீரியலுக்காகத்தான் சேர்ந்தாள். முகம் தெரியாத ஆட்கள் தனிச்செய்தியில் நம்பர் கேட்டுத் தொந்தரவு செய்கிறார்கள். குரூப்பை விட்டுப் போனால் படிப்பு போகுமே என்று பயப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

திருச்சி, தன்னார்வலர்:

சார், அவள் குரூப்பை விட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், 'போன் நம்பர்' என்பதில் 'நோபடி' வைக்கச் சொல்லுங்கள். நம்பரை வைத்துத் தேடுவதையும், குரூப்பில் சேர்ப்பதையும், கால் செய்வதையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றட்டும். புரொஃபைல் போட்டோவுக்கும் அப்படியே. வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யட்டும், முதலிலேயே அழித்துவிட வேண்டாம். மிரட்டலாக மாறினால் சைபர் கிரைமுக்கு 1930, பெண்கள் உதவி எண் 181. பாடக்குறிப்பு வரும் இடத்தை, அட்மின் மட்டும் பதிவிடுகிற சேனலாக மாற்ற உங்களால் முடியுமா? அதில் சேர்ந்திருப்பவர்கள் யார் என்று மற்ற பிள்ளைகளுக்கோ வெளியாட்களுக்கோ தெரியாது.