பதினொரு நிமிடம் மட்டும் பதிவான திருவிழா: கேபிள் ரெக்கார்டிங் பெட்டிக்கு மாற்று என்ன?

கோத்தகிரி டீச்சர்:
எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் கேபிள் ரெக்கார்டிங் பெட்டியில்தான் பதிவு செய்கிறோம்; அதற்கு மாற்றாக எதை வைக்கலாம் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 84 வயது. முழங்கால் வலியால் இரண்டு ஆண்டுகளாக, படுகர் மக்களின் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு அவரால் போக முடியவில்லை. உள்ளூர் கேபிள் சேனல் அதை நேரடியாக ஒளிபரப்புகிறது. நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போய்விட்டால் அம்மா தனியாக ரிமோட்டைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று எண்ணி, காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை பதிவுக்கு நேரம் குறித்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பட்டியலைத் திறந்தபோது சேனலின் பெயருக்கு எதிரே 11 நிமிடம் என்றிருந்தது. மைக்கைச் சோதிக்கும் குரலும், கூட்டம் சேராத மைதானமும்தான் அதில் இருந்தன. அதற்குள் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டார்.

இதற்கு முன்பும் இழந்திருக்கிறேன். சென்ற ஆண்டு பெட்டி பழுதானபோது கேபிள்காரர் வேறு பெட்டி கொடுத்தார். பழைய பெட்டியில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கைப் புதியதில் மாட்டிய பிறகு ஒரு பதிவுகூடத் திறக்கவில்லை. மறைந்த என் அப்பா பச்சைத் தேயிலை விலையைப் பற்றி உள்ளூர் சேனலில் பேசிய அரை மணி நேரமும் அதோடு போயிற்று. கேபிளையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வெலிங்டன்வாசி:
டீச்சர், விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. நேரம் குறித்துப் பதிவு செய்து, அது பதிவானதா என்று மாலையில் வந்து பார்க்கும் முறைக்கு இன்று தேவையே இல்லை. ஒரு ஃபைபர் இணைப்பும் ஸ்மார்ட் டிவியும் இருந்தால் சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் ஜீ5-லும் என அந்தந்தச் செயலியில் உங்களுக்காகக் காத்திருக்கும். கெட்டுப்போக வீட்டில் ஹார்டு டிஸ்க்கும் இருக்காது.

மலையில் இணையம் நிற்காதா என்று கேட்பீர்கள். பழைய கேபிள் லைனில் கம்பத்துக்குக் கம்பம் சிக்னலைப் பெருக்கும், மின்சாரம் தேவைப்படும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. தெருவில் கரண்ட் போனால் அதன் பேட்டரி தாங்கும் வரைதான் சிக்னல். வீட்டுக்கு வரும் ஃபைபரிலோ நிலையத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் கேட்கும் கருவி எதுவும் கிடையாது. ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். என் வீட்டில் கரண்ட் இல்லாத மாலைகளிலும் இணையம் ஓடுகிறது.

பெருமாள்மலை:
கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னவற்றில் ஃபைபர் பற்றிய விளக்கம் சரி. ஆனால் முடிவு தவறு. டீச்சர் இழந்தது ஹெத்தையம்மன் திருவிழாவையும் தந்தையின் பேச்சையும். அவை எந்தச் செயலியிலும் கிடைக்காதவை. தொடர்களுக்கான தீர்வைத் திருவிழாவுக்குச் சொல்வது, தலைவலிக்காரருக்குக் காலில் மருந்து தடவுவது போன்றது. தவிர, செயலியில் இருப்பது ஒப்பந்தம் உள்ளவரைதான் இருக்கும். உரிமம் முடிந்தால் நிகழ்ச்சி நீங்கிவிடும், சந்தா நின்றால் எல்லாமே நீங்கிவிடும். நம் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் திரும்பக் கேட்க முடியாது.

ஃபைபருக்குக் கரண்ட் வேண்டாம் என்பது உண்மை, கம்பம் வேண்டுமே! 2019 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் செம்புக் கம்பியைப் போல முறுக்கிச் சேர்க்க இயலாது; ஃபைபரை ஒட்டும் கருவியோடு ஆள் மலையேறி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

நான் கம்பங்களை நம்பாமல் டிஷ் வைத்திருக்கிறேன். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை. அது வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. நம் இரு மலைகளிலிருந்தும் தென்கிழக்கே 65 பாகைக்கு மேல் உயரத்தில் இருப்பதால் எதிர்மலை மறைப்பது அரிது. வீட்டை ஒட்டிய கற்பூர மரம்தான் மறைக்கும். மூடுபனியால் சிக்னல் கெடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். மூடுபனித் துளி மிகச் சிறியது, அதனால் பாதிப்பு அநேகமாக இல்லை. கனமழைதான் சிறிது நேரம் படத்தை உடைக்கும். ஃப்ரீ டிஷ்ஷில் ரகசியக் குறியீட்டுப் பூட்டு இல்லாமல் வரும் சேனல்களைச் சாதாரண பெட்டியின் யுஎஸ்பி துளையில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்தால், அந்தக் கோப்பு கணினியிலும் திறக்கும். டீச்சருக்கு நடந்த இழப்பு அங்கே நடக்காது.

கோத்தகிரி டீச்சர்:
இருவருக்கும் நன்றி. ஆனால் பெருமாள்மலை ஐயா, ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் வரும். எங்கள் உள்ளூர் சேனல் எந்த டிஷ்ஷிலும் வராது. தமிழ்த் தனியார் சேனல்களும் அதில் மிகக் குறைவு. நான் கேபிளை விட்டால் திருவிழாவையும் சேர்த்தே விட வேண்டியிருக்கும் என்பது உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊட்டி கேபிள் பணியாளர்:
பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மா, பழைய டிஸ்க் புதிய பெட்டியில் திறக்காதது பழுது அன்று. கட்டணச் சேனல்கள் பூட்டோடு வருகின்றன. பெட்டி தன் யுஎஸ்பி-யில் பதிவதையும் தன் சாவியால் பூட்டியே வைக்கிறது. அதே வகைப் பெட்டியாக இருந்தாலும் சாவி வேறு. பெட்டியை மாற்றித் தந்தவர் இதை முன்னரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பக்கத்துத் தவறு.

11 நிமிடத்தில் நின்றதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். திருவிழா நடக்கும் ஜனவரியில் மழை இல்லை, பனிதான். ஆகவே லைனைவிடக் கரண்டைத்தான் முதலில் பார்ப்பேன். கால் நிமிடம் கரண்ட் போய் வந்தாலும் பெட்டி அணைந்து மறுபடி தொடங்கும். தன் கடிகாரத்தை அது சிக்னலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. சில பெட்டிகள் அப்படித் தொடங்கியதும் உறக்க நிலைக்குப் போய், குறித்து வைத்த பதிவை மறந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கின் கோப்புப் பட்டியலும் சிதையும். மற்றொரு காரணம் டிஸ்க்கே. யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் போதாமல் பெரிய டிஸ்க்குகள் நடுவில் நின்றுவிடுவது உண்டு.

வெலிங்டன்வாசி சொன்ன மினி யுபிஎஸ்ஸைப் பெட்டிக்கே வையுங்கள். நிறைய பெட்டிகள் 12 வோல்ட் அடாப்டரில்தான் ஓடுகின்றன. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவையும் பின்னின் தடிமனையும் பார்த்து வாங்க வேண்டும்.

வெலிங்டன்வாசி:
பணியாளர் ஐயா சொன்னதிலிருந்தே என் வாதம் வலுப்பெறுகிறது. பெட்டிக்கு யுபிஎஸ், டிஸ்க்குக்குத் தனி மின்சாரம், இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பதிவு அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே வாழும். பெட்டி செத்தால் பதிவும் சாகும். இதைச் சொந்தப் பதிவு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பூட்டை உடைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வதற்கு முன், 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவையும் படித்துவிடுங்கள்.

பெருமாள்மலை:
பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் ஒளிபரப்பைத் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவு செய்வது உரிமை மீறல் ஆகாது என்று சொல்கிறது. வயதான தாய்க்காக ஒரு மகள் திருவிழாவைப் பதிவு செய்வதை அதற்குள் அடக்காமல் வேறு எதை அடக்குவது?

வழியும் எளியது. பெட்டியின் பின்புறம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஏவி துளைகள் இருக்கும். டிவி எச்டிஎம்ஐ ஒயரில் ஓடினாலும் பெரும்பாலான பெட்டிகளில் அவையும் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை, படத்தைக் கணினிக்குள் எடுத்துத் தரும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாக லேப்டாப்பில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் பதியுங்கள். 720க்கு 576 புள்ளிகள் கொண்ட பழைய தரம்தான். உள்ளூர் சேனல் அனுப்புவதும் அநேகமாக அதுவே. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால், பெட்டிக்கும் மினி யுபிஎஸ் வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி கூட ஆகாது. ஐந்து மணி நேரத் திருவிழா 8 ஜிபி பென் டிரைவில் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. லேப்டாப்பில் பதிந்த கோப்பைப் படியெடுக்கும் முன் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

வெலிங்டன்வாசி:
உள்ளூர் சேனலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மற்ற எல்லா நிகழ்ச்சிகளுக்கும் என் கருத்தில் மாற்றமில்லை. தினமும் வரும் தொடருக்காக லேப்டாப்பை இரவெல்லாம் ஓடவிடுவது வீண்.

கோத்தகிரி டீச்சர்:
நேற்று செய்து பார்த்தேன். பெட்டியில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, தம்பி மகனின் பழைய லேப்டாப்பை மஞ்சள் ஒயரில் இணைத்தோம். முதலில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. மென்பொருளில் ‘பால்’ (PAL) என்ற நிற ஒளிபரப்பு முறையைத் தேர்ந்த பிறகு நிறம் வந்தது. ஒரு மணி நேரப் படுகர் பாட்டு நிகழ்ச்சியை முழுமையாகப் பதிந்து, நடுவில் வேண்டுமென்றே சுவர் சுவிட்சை அணைத்தும் பார்த்தேன். மினி யுபிஎஸ் தாங்கியது, பெட்டி அணையவில்லை. தொடர்களுக்கு ஃபைபர் இணைப்பு கேட்டிருக்கிறேன். கேபிளை உள்ளூர் சேனலுக்காக வைத்துக்கொள்கிறேன்.

தந்தையின் பேச்சு மூலப் பதிவாக அந்தச் சேனலின் அலுவலகத்தில் இருக்கக்கூடும் என்று இதையெல்லாம் படிக்கும்போதுதான் தோன்றியது. திங்கட்கிழமை பென் டிரைவோடு போய்க் கேட்கப் போகிறேன்.

ஊட்டி கேபிள் பணியாளர்:
ஒளிபரப்பான தேதியை எழுதிக்கொண்டு போங்கள் அம்மா. தேதி தெரிந்தால் தேடிக் கொடுப்பது அவர்களுக்கு எளிது. பெட்டியின் அமைப்பில் தானாக அணையும் நேரம் என்று ஒன்று இருக்கும். அதையும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள், நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் சில பெட்டிகள் உறங்கிவிடும்.