மாரியில் கழன்ற கதிரைக் காலும் ஐதரசன் பிணைப்பும்

உப்புவெளி டீச்சர்:

வணக்கம். உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுக்கிறேன். அம்மம்மாவின் முதிரைக் கதிரை ஒன்று வீட்டில் இருக்கிறது. போன ஆவணியில், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், அதன் ஆடிய பின்காலை வெள்ளைப் பசை போட்டு நானே ஒட்டினேன். கல்லு மாதிரி நின்றது. மார்கழியில் விடாத மழை, முன்விறாந்தையில் கிடந்த கதிரைக்குச் சாரலும் பட்டது. தை பிறக்கும்போது கால் கையோடு வந்துவிட்டது.

கழுந்தில், அதாவது துளைக்குள் செருகும் காலின் முனையில், இருந்த பசையைப் பார்த்தேன். காய்ந்த அன்று கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, இப்போது பாலாடையாய் வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்ட ரப்பராக இழுபட்டு வந்தது. துளைக்குள்ளே பசை இருந்த அடையாளமே இல்லை.

இதை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "பசை மரத்தைப் பிடிப்பதும் ஐதரசன் பிணைப்பு, பனிக்கட்டியைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான் என்கிறீர்கள். பனிக்கட்டி மேசையில் வைத்தாலே உருகுகிறது. அப்ப பசை ஏன் உருகவில்லை?"

ஐதரசன் பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறின் ஐதரசனை அயல் மூலக்கூறின் ஒட்சிசன் இழுத்துப் பிடிக்கும் பிடி. பனிக்கட்டிப் பளிங்கைப் பற்றி, அதாவது அதன் மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கைப் பற்றி, சொல்ல எனக்கு வரும். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அயல் மூலக்கூறுகளைப் பிடித்திருக்கிறது. ஒட்சிசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே 0.276 நனோமீற்றர். அந்த விரிந்த அடுக்கினால்தான் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.917 கிராமாக, நீரைவிடக் குறைந்து பனிக்கட்டி மிதக்கிறது. பசைப் பக்கம் வந்ததும் தடுமாறிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் கொடுக்க வேண்டும். கதிரையும் நிற்க வேண்டும்.

மூதூர் வள்ளம்:

டீச்சர், மூதூரில் 20 வருடமாக ஃபைபர் வள்ளம் திருத்துகிறேன். கை பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உப்பைக் கவனியுங்கள். கடலோர வீட்டு மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படிந்திருக்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காய விடுங்கள்.

அடுத்தது என் பிழை. ஒரு கார்த்திகையில் வள்ளம் ஒன்றின் அடிப்பக்கத்துக்கு எபொக்சி, அதாவது பிசினையும் வன்மையாக்கியையும் கலந்து இறுக வைக்கும் பசை, போட்டேன். மறுநாள் தடவிப் பார்த்தால் மெழுகு பூசினது மாதிரி வழுவழுப்பு. அவசரத்தில் அதன் மேலேயே அடுத்த படையைப் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில், கொட்டியாரக்குடாவின் நடுவே, மேல்படை பாயாகச் சுருண்டு உரிந்திருக்கிறது. உள்ளே இரண்டு பேர். தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் கரை சேர்ந்தார்கள். அவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை. இப்போது மழை நாளென்றால் படைக்குப் படை தண்ணீரும் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவுகிறேன், காய்ந்த பிறகுதான் சான்ட் பேப்பர். அந்த வழுவழுப்பு தின்னரில் சரியாகப் போகாது, தண்ணீரில்தான் போகும்.

சீனன்குடா இரசாயனம்:

அண்ணா, அந்த வழுவழுப்பு எபொக்சியின் வன்மையாக்கியில் உள்ள அமைன் என்ற நைதரசன் சேர்வை, காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து உண்டாக்குவது. நீரில் கரையும். உங்கள் கை கண்டுபிடித்தது முழுக்கச் சரி.

டீச்சர், உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பனிக்கட்டியில் ஒரு ஐதரசன் பிணைப்பை அறுக்க மூலுக்குச் சுமார் 20 கிலோயூல் போதும், நீர் மூலக்கூறுக்குள் ஒட்சிசனும் ஐதரசனும் இலத்திரன்களைப் பகிர்ந்து உண்டாக்கும் பங்கீட்டுப் பிணைப்புக்கு 460 அளவில் வேண்டும். ஆனால் நீர் மூலக்கூறு தனியாள். இருக்கிற சில பிடிகள் தளர்ந்தால் நழுவிவிடும். வெள்ளைப் பசை பொலிவைனைல் அசற்றேற்று, ஒரே சங்கிலியில் ஆயிரக்கணக்கான பிடிகள். பத்து விட்டாலும் மற்றவை விடாது. அதனால் அது பனிக்கட்டி போல உருகாது. பாரம் தொடர்ந்து இருந்தால் மட்டும் மெல்ல மெல்ல நகரும்.

மரத்தில் முக்கியமாக இருப்பது செலுலோசு என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்குப் பகுதிகளும் உண்டு, ஒழுங்கில்லாத பகுதிகளும் உண்டு. பளிங்குக்குள் பிடிகள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டதால் நீருக்கு உள்ளே போக வழியில்லை. ஒழுங்கில்லாத பகுதியில் ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த OH) கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பசை பிடிப்பதும் அவற்றைத்தான், மழைநீர் பிடிப்பதும் அவற்றைத்தான். உங்கள் கதிரையில் நீர் வந்து பசையின் இடத்தை எடுத்துக்கொண்டது. பசைக்குள்ளும் புகுந்து அதை இளக்கியது. அந்த வெண்மை, உள்ளே சேர்ந்த நீர் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

ஐதரசன் பிணைப்பு மட்டும் எல்லாவற்றையும் செய்வதில்லை. பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் ஓடி இறுகுவதும் வேண்டும். துளை சுத்தமாக இருந்தது என்கிறீர்களே, கழுந்தில் மட்டும்தான் பூசினீர்களா?

வகுப்பில் செய்து காட்ட ஒன்று: பத்திரிகைத் தாளில் ஒரு கீற்றைக் காய்ந்தபடி இழுக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை நனைத்து இழுக்கச் சொல்லுங்கள். தாளின் நார்களைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புகளே.

உப்புவெளி டீச்சர்:

ஆம், கழுந்தில் மட்டும்தான் பூசினேன்.

தாளை இன்று செய்து பார்த்தோம். காய்ந்த கீற்றை அறுக்க அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது, நனைந்தது தன் பாரத்திலேயே தொங்கி அறுந்தது. நனைத்த இன்னொரு கீற்றை ஜன்னலில் காய வைத்து, போகும் முன் இழுத்துப் பார்த்தாள். மறுபடி பிடித்திருந்தது. "நீர் போனதும் நார்கள் திரும்பக் கை கோர்த்துவிட்டன டீச்சர்" என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அண்ணா, பழைய பசையின் மேலேயே புதியதைப் பூசலாமா?

மூதூர் வள்ளம்:

வேண்டாம், பிடிக்காது. வினாகிரியைச் சூடாக்கித் துணியில் நனைத்துச் சுற்றி வையுங்கள், இளகிவிடும். மரம் தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு கிழமை காய விடுங்கள். விறாந்தையில்தான் கதிரை இருக்கப் போகிறது என்றால் இந்த முறை எபொக்சி போடுங்கள். துளை, கழுந்து இரண்டிலும் பூசி, கயிற்றைச் சுற்றி ஒரு தடியால் முறுக்கி இறுக்கி, ஒரு இரவு அசைக்காமல் விடுங்கள். பங்குனி வெயிலில் செய்யுங்கள், மாரி வரும்வரை வைத்திருக்காதீர்கள்.