எச்.டி. 650-க்கு ஈக்யூ போதுமா, எச்.டி. 800 எஸ் / எல்.சி.டி.-எக்ஸ் பக்கம் போகலாமா?

கேள்வி: கீழக்கரை_கேட்பொலி

கையில் இருப்பது சென்ஹைசர் எச்.டி. 650 ஹெட்போன். விண்டோஸ் லேப்டாப், 1 வோல்ட் தரும் யூ.எஸ்.பி. டாங்கிள், ஈக்யூ (ஒவ்வொரு அதிர்வெண்ணின் சத்தத்தையும் கூட்டிக் குறைப்பது) செய்ய ஈக்வலைசர் ஏபிஓ செயலி, அதை இயக்கும் முகப்பாக மேலே பீஸ். கேட்பது கச்சேரிப் பதிவுகள், நாதஸ்வரம் தவில், 80-களின் திரையிசை.

குரல், வயலின் இரண்டிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடி பேஸ் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே காணாமல் போகிறது, அதற்கு மேலே 100–200 பக்கம் கொஞ்சம் மொத்தையாக இருக்கிறது. ஆட்டோ-ஈக்யூ தரும் ஆயத்த அமைப்பை (ப்ரீசெட்) போட்டால் சமநிலை நன்றாக வருகிறது. ஆனால் தவில் விழும் இடங்களில் கரகரப்பு.

அடுத்த மாதம் துபாயிலிருந்து மச்சான் வருகிறார். எச்.டி. 800 எஸ், ஆடீஸ் எல்.சி.டி.-எக்ஸ், ஹைஃபைமேன் ஆர்யா, இந்த மூன்றில் ஒன்றை வாங்கிவரச் சொல்லலாம் என்று யோசனை. ஈக்யூவாலேயே இவற்றின் ஒலியை 650-இல் கொண்டுவர முடியுமென்றால் அந்தப் பணம் வீண். முடியாதென்றால் எது முடியாது என்று சொல்லுங்கள். வீடு கடற்கரை ஓரம். ஜன்னல் திறந்தே இருக்கும், ஃபேன் ஓடும், கண்ணாடி அணிகிறேன்.

பதில்: பாம்பன்_300ஓம்

முதலில் கரகரப்பைத் தீர்த்துக்கொள்ளுங்கள் பாய். அது இருக்கும்போது எந்த ஹெட்போனையும் எதோடும் ஒப்பிட முடியாது.

காரணம் இரண்டில் ஒன்று. பீஸில் ப்ரீ-ஆம்ப் என்று ஒரு நெம்புகோல் இருக்கிறது. ப்ரீசெட்டில் மிகப் பெரிய ஏற்றம் +6 டெசிபல் என்றால் அது −6-க்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும். சத்தம் குறைகிறதே என்று பலரும் அதை 0-க்குத் தள்ளிவிடுவார்கள். இன்றைய பதிவுகள் ஏற்கெனவே டிஜிட்டல் உச்சத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகின்றன. அதற்கு மேல் 6 டெசிபல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும். அடி ஸ்தாயியில்தான் ஏற்றம் அதிகம் என்பதால் தவில், பேஸ் கிட்டார் வரும்போது மட்டும் கேட்கும்.

ப்ரீ-ஆம்ப்பை −10-க்கு இறக்கிவிட்டு, லேப்டாப் வால்யூமைக் கூட்டிப் பழைய சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். கரகரப்பு போனால் அது டிஜிட்டல் வெட்டுதான். போகாவிட்டால் ஈக்யூவை அணைத்துவிட்டு, 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஸ்வீப் ஒன்றை மிதமான சத்தத்தில் ஓட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் 'ர்ர்ர்' என்று வந்தால் டிரைவரின் (ஒலி எழுப்பும் சவ்வுப் பகுதி) மேல் தலைமுடியோ மணல் துகளோ கிடக்கிறது. 650-இல் இது சகஜம். குஷனைப் பிடித்து இழுத்தாலே கழன்று வரும். உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு வட்டை எடுத்துவிட்டு, டிரைவரின் மேல் படிந்த முடியை மென்மையான தூரிகை நுனியால் ஒதுக்குங்கள். வாயால் ஊதக் கூடாது, கேன் காற்று கூடவே கூடாது. மெல்லிய சவ்வு, ஒரு அழுத்தத்தில் மடங்கிவிடும்.

இப்போது சத்தக் கணக்கு. 650-இன் உணர்திறன் 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். உங்கள் டாங்கிளின் உச்சமே 1 வோல்ட் என்பதால், ப்ரீ-ஆம்ப் −6 வைத்ததும் நடு ஸ்தாயியில் உச்சம் 97-தான். நசுக்காத பழைய கச்சேரிப் பதிவில் சராசரி ஒலி உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே இருக்கும். அப்படியானால் காதில் விழுவது 77 டெசிபல் அளவுதான். ஃபேன் சத்தத்தில் அது பற்றாது. ஆக, ஈக்யூ போட முடிவு செய்தால் குறைந்தது 2 வோல்ட், முடிந்தால் 4 வோல்ட் தரும் ஆம்ப் வேண்டும். புது ஹெட்போனுக்கு முன்னால் உங்களுக்கு இதுதான் செலவு.

650-க்கு நான் சொல்லும் தொடக்கப் புள்ளி (லோ ஷெல்ஃப் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே முழுவதையும் மாற்றும், பீக் அந்த இடத்தைச் சுற்றி மட்டும், க்யூ கூடினால் அந்த இடம் குறுகும்):

லோ ஷெல்ஃப் 105 ஹெர்ட்ஸ், +5, க்யூ 0.7
பீக் 170 ஹெர்ட்ஸ், −2.5, க்யூ 0.8
பீக் 3200 ஹெர்ட்ஸ், −1.5, க்யூ 2
ப்ரீ-ஆம்ப் −6

இரண்டாவது வரிதான் உங்கள் மொத்தையை எடுக்கும். பத்து ஃபில்டர் தேவையில்லை. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துக் கேளுங்கள், எது என்ன செய்கிறது என்று காது பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைத் தவிர்க்கும் வாசாபி எக்ஸ்குளூசிவ் அல்லது ஏசியோ வழியாகப் பாடும் செயலி எதுவும் ஏபிஓவைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். ப்ரீ-ஆம்ப்பை −30-க்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் குறையாவிட்டால் ஈக்யூ வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

பதில்: தொண்டிக்கரை

பாம்பன் அண்ணன் 650-ஐச் சொல்லிவிட்டார். நான் மற்ற மூன்றையும் சொல்கிறேன்.

ஈக்யூவால் மாற்ற முடிவது ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை. நாம் 'ஒலித் தன்மை' என்று பேசுவதில் பெரும்பங்கு அதுதான். முடியாதவை: டிரைவர் தாங்கும் எல்லை, குஷன் அடைப்பு, எடை, காது மடலுக்கு முன்னால் டிரைவர் நிற்கும் கோணமும் தூரமும். 800 எஸ்-இன் பெரிய மேடை உணர்வு பாதிக்கு மேல் அந்தக் கடைசி விஷயத்திலிருந்து வருகிறது. 56 மில்லிமீட்டர் வளைய டிரைவர் காதைவிட்டுத் தள்ளி, முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 650-இல் அதை எந்த ஃபில்டரும் கொண்டுவராது.

அதே 800 எஸ் ஈக்யூ இல்லாமல் நாதஸ்வரத்துக்கு ஆகாது என்பது என் கருத்து. 2009-இல் வந்த பழைய 800-இல் 6 கிலோஹெர்ட்ஸில் பெரிய முகடு இருந்தது. எஸ் மாடலில் அதை ஒரு உறிஞ்சியை வைத்து அடக்கினார்கள், ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 2–3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், அடி பேஸ் மெலிவு. 2500-இல் +2, 6000-இல் −3 (க்யூ 3), 105-இல் லோ ஷெல்ஃப் +4 போட்டால் வேறு ஹெட்போன் ஆகிவிடும். இதுவும் 300 ஓம், ஆம்ப் இல்லாமல் வேண்டாம்.

எல்.சி.டி.-எக்ஸ் இதற்கு நேர் எதிர். பேஸ் 20 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடாக இறங்கும். பிளானர் (தட்டைச் சவ்வு முழுவதும் சேர்ந்து அசையும் வகை) என்பதால் +6 ஏற்றினாலும் சிதைவு கேட்காது. 650 அந்த ஏற்றத்தில் 30–40 ஹெர்ட்ஸ் பக்கம் திணறும், அடி கனமாகும், தெளிவு குறையும். ஆனால் எக்ஸில் 3–5 கிலோஹெர்ட்ஸ் பள்ளம் பெரியது. வயலின் வில் கம்பியை உரசும் ஒலி, நாதஸ்வரத்தில் சீவாளி கிழிக்கும் அந்தக் கூர்மை, இரண்டும் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். 4000-இல் +4 (க்யூ 1.5) போடாமல் கச்சேரி கேட்காதீர்கள். 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபல். அதை வோல்ட்டில் மாற்றினால் 1 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 120. உங்கள் டாங்கிளே −6 ப்ரீ-ஆம்ப்போடு தாராளமாகத் தள்ளும். தடை எடைதான்: 612 கிராம். 650 வெறும் 260. புழுக்கத்தில் இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு அது கழுத்தில் தெரியும்.

ஆர்யாவில் 1.5–2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. 1800-இல் +3, க்யூ 2. மூன்றிலும் குறைவான திருத்தம் கேட்பது இதுதான்.

பணத்தைப் போடுவதென்றால் நான் ஆர்யாவுக்குப் போடுவேன். 650-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஈக்யூவால் நிரப்ப முடியாத வகை. ஆனால் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் முடிவெடுக்காதீர்கள். 1 டெசிபல் கூடினாலே காது அதை 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தடித்த அட்டையில் போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, இரண்டு ஹெட்போனையும் மாற்றி மாற்றி அதன்மேல் ஒரே அழுத்தத்தில் வைத்து, 500–2000 ஹெர்ட்ஸ் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி, சத்தமானி செயலியில் ஒரே எண் வரும்படி செய்யுங்கள். அந்த எண் உண்மையான டெசிபலாக இருக்க வேண்டியதில்லை, சமமாக இருந்தால் போதும்.

வாரண்டி பற்றியும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே சேவை கிடைக்காமல் போகலாம்.

பதில்: மண்டபம்_உப்புக்காற்று

யாரும் குஷனைத் தொடவில்லை. நம் கரையில் ஈக்யூவைக் கெடுப்பது அதுதான்.

நீங்கள் இறக்கும் ப்ரீசெட் எல்லாமே நல்ல நிலையில் உள்ள குஷனோடு, செயற்கைக் காதில் அளந்தவை. 650-இன் வெல்வெட் குஷன் வியர்வையும் ஈரமும் குடித்துத் தட்டையானால் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், பேஸுக்கும் நடு ஸ்தாயிக்கும் உள்ள விகிதமே மாறிவிடும். அந்த ப்ரீசெட் இனி உங்கள் ஹெட்போனுக்கானது அல்ல. குஷனை அழுத்திவிட்டால் மெதுவாகவாவது எழ வேண்டும். காது உள்ளே இருக்கும் துணியில் இடித்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எச்.டி. 600-இன் குஷனே பொருந்தும். உள்ளே இருக்கும் பஞ்சு வட்டு விரலில் பொடியாக ஒட்டினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஆர்யா, எல்.சி.டி. வாங்கினால் தோலோ தோல் மாதிரிப் பொருளோ உள்ள குஷன் வரும். உப்பும் வியர்வையும் காய்ந்து படிந்தால் செயற்கைத் தோல் உரியும். கேட்டு முடித்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் குஷனில் தொடாதீர்கள், தோலை வறட்டி வெடிக்க வைக்கும். அது பிளக்குக்குத்தான்: 3.5 பிளக், கப்பில் செருகும் முனைகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை துடைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்காது. ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தால் பாதி நேரம் டிரைவர் கெடவில்லை, அந்த முனைதான் கறுத்திருக்கும்.

வைக்கும் இடம்: ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், ஒரு சின்ன ஈரப்பதமானி. 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும். 120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் திரும்பவும் பயன்படும். வியர்வை காயாமல் டப்பாவில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஃபேனடியில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஸ்டாக்ஸ் மாதிரி மின்நிலை வகை ஹெட்போனை யாராவது பரிந்துரைத்தால் இந்த ஊரில் யோசியுங்கள். 580 வோல்ட் மின்னழுத்தத்தில் நிற்கும் சவ்வு அது. ஈரம் ஏறினால் மின்னூட்டம் கசிந்து இரண்டு பக்கமும் சத்தம் சமமில்லாமல் போகும்.

கேட்டவர்: கீழக்கரை_கேட்பொலி

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. ப்ரீ-ஆம்ப் 0-இல்தான் நின்றது. −7 வைத்ததும் கரகரப்பு போய்விட்டது. குஷனும் தட்டைதான், ஆர்டர் போட்டுவிட்டேன். ஆம்ப் வந்த பிறகுதான் ஆர்யா பேச்சு.

இரண்டு சந்தேகம். ஆட்டோ-ஈக்யூ 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏழெட்டு டெசிபல் ஏற்றி இறக்குகிறது, அதை அப்படியே வைக்கலாமா? பேஸ் ஷெல்ஃப் பகலில் +5 சரியாக இருக்கிறது, இரவில் அதே +5 அதிகம். ஏன்?

பதில்: தேவிபட்டினம்_அலை

இரண்டாவதை முதலில். பகலில் ஃபேனும் கச்சான் காற்றும் தாழ்ந்த ஸ்தாயி இரைச்சலைத் தொடர்ந்து கொடுக்கின்றன. 650 திறந்த முதுகு, அந்த இரைச்சலில் எதையும் தடுக்காது. இரைச்சல் பேஸை மூடிவிடுவதால் நீங்கள் கூட்டுகிறீர்கள். இரவில் மூடியது விலகுகிறது, கூட்டியது அப்படியே நிற்கிறது. சத்தத்தையும் பாருங்கள்: வால்யூம் குறையக் குறையக் காதுக்குப் பேஸ் இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வழக்கமான சத்தத்தில் ஷெல்ஃபை அமைத்து, அதை 'இரவு' என்று பீஸில் சேமியுங்கள். பகலுக்கு அதன்மேல் +1.5 கூட்டி இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

பாம்பன் அண்ணனின் +5 எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் ஏற்கவில்லை. அந்தத் தொகை ஹார்மன் நிறுவனத்தின் இலக்கு வளைவிலிருந்து வருகிறது. ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழு பலரைக் கேட்க வைத்து எடுத்த விருப்பச் சராசரி. சராசரி என்றாலே இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. திரையிசைக்கு +5 நன்றாக இருக்கும். மைக்கை மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்த கச்சேரிப் பதிவில் தொப்பியின் (இடப்பக்கம்) கும்கி (வளைந்து ஏறும் அடி நாதம்) ஒவ்வொன்றும் பாடகரின் மேல் ஏறி உட்காரும். அதற்கு +3 போதும். கும்கியின் வளைவு கேட்க வேண்டும், ஆனால் அது முடிந்ததும் தம்புரா உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஷெல்ஃப் அதிகம்.

இனி 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. அப்படியே வைக்காதீர்கள். அந்த அதிர்வெண்களில் அலைநீளம் நாலரை சென்டிமீட்டருக்கும் கீழே. காது மடலின் மடிப்பும் குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு, ஹெட்போனை ஒரு விரல் தள்ளி மாட்டினாலே முகடு இடம் மாறும். அளவுக் கருவியின் காதில் 9000-இல் விழுந்த பள்ளம் உங்கள் காதில் 8200-இல் இருக்கலாம், இல்லாமலே போகலாம். இல்லாத பள்ளத்தை +6 போட்டு நிரப்பினால் 'ச', 'ஸ' எல்லாம் ஊசியாகக் குத்தும்.

8000-க்கு மேல் உள்ள குறுகிய ஃபில்டர்களை எல்லாம் அழித்துவிடுங்கள். டோன் ஜெனரேட்டரில் 4000-இலிருந்து 10000 வரை கையால் மெதுவாக நகர்த்துங்கள், சத்தம் குறைவாகவே இருக்கட்டும். எங்கே சட்டென்று கூர்மையாக எகிறுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்போனைக் கழற்றி மாட்டி மறுபடி நகர்த்துங்கள். இரண்டு தடவையும் ஒரே இடம் என்றால் அங்கே −3, க்யூ 3. இடம் மாறினால் விட்டுவிடுங்கள், அது மாட்டும் விதத்தால் வருவது. பள்ளங்களை நிரப்பவே வேண்டாம். மேலே ஒளி போதவில்லை என்றால் ஹை ஷெல்ஃப் 10000, +1.5, அவ்வளவுதான்.

கண்ணாடிக் காம்பு பற்றி: 650-இல் வெல்வெட் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆர்யா வந்த பிறகு காம்பு போகும் இடத்தில் இடைவெளி விழுந்தால் அடி பேஸ் கசியும். கண்ணாடியோடு ஒரு முறை, கழற்றி ஒரு முறை 30 ஹெர்ட்ஸ் டோனைக் கேளுங்கள். தெளிவாகக் குறைந்தால் அதை ஷெல்ஃபால் ஈடு கட்டாமல் மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறுங்கள், ஏனென்றால் தலையை அசைக்கும்போதெல்லாம் அந்தக் கசிவின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.