ஆன்டிபாடி குறைபாடு உள்ளவர்களுக்கு வைரஸ் தொற்று: உங்கள் அனுபவம் என்ன?

வெண்முகில்:
பையனுக்கு எக்ஸ்எல்ஏ, அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும் பி செல் பிறவியிலேயே இல்லாத நோய். ஐவிஐஜி, அதாவது நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி, தவறாமல் போகிறது. போன முறை காய்ச்சல் ஏறி அட்மிட் செய்தோம். டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். முன்னாடியே தொற்று வந்திருக்கு" என்றார். இவனுக்கு பி செல்லே கிடையாது டாக்டர், சொந்தமாக ஆன்டிபாடி எப்படி வரும் என்று கேட்டேன். "பாசிட்டிவ்னு போட்டிருக்கே அம்மா" என்று அந்த வரிக்கு அடியில் நீலப் பேனாவால் கோடு இழுத்தார். அந்தக் கோடு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஐவிஐஜி என்பதே ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவில் இருந்து வருவது. அவர்களுடைய ஆன்டிபாடிதான் இவன் ரத்தத்தில் தெரிகிறது. வைரஸையே நேரடியாகத் தேடும் டிஎன்ஏ பிசிஆர் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் நம்பினார்கள். காய்ச்சலுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ). அதற்கான மருந்து ஓசெல்டாமிவிரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நேரம் ஹெபடைடிஸ் பேச்சிலேயே கரைந்துவிட்டது.

கரிசல்:
எனக்கு நேர் எதிராக நடந்தது. எனக்கு சிவிஐடி, இதுவும் ஆன்டிபாடி குறைபாட்டு நோய்தான். கோவிட் சமயத்தில் காய்ச்சல் போவதும் வருவதுமாக இழுத்தது. மூக்கில் எடுத்த ஸ்வாப் நெகட்டிவ், கோவிட் ஆன்டிபாடியும் இல்லை. "அப்போ கோவிட் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். ஆன்டிபாடி உண்டாகாததுதானே என் நோயே! கடைசியில் நுரையீரலுக்குள் குழாய் விட்டு எடுத்த நீரில் பிசிஆர் பாசிட்டிவ். வைரஸ் மருந்தான ரெம்டெசிவிரும், கோவிட்டில் இருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் காய்ச்சல் விட்டது.

தென்றல்7:
பயமுறுத்தாதீர்கள். ஐவிஐஜி சரியாகப் போனால் வைரஸெல்லாம் பெரிய விஷயமே இல்லை, டி செல் (வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் வெள்ளணு) பார்த்துக்கொள்ளும். நம் ஆட்களுக்கு ஆபத்து பாக்டீரியாதான். எனக்கு அம்மை வந்தபோதுகூட லேசாகத்தான் போனது.

ஆற்றுமணல்:
தென்றல்7, உங்களுக்கு லேசாகப் போனதில் சந்தோஷம். ஆனால் "பெரிய விஷயமே இல்லை" என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லாதீர்கள். என் தம்பிக்கும் எக்ஸ்எல்ஏ. என்டரோவைரஸ் மூளைக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. "அண்ணா, இது எங்க போகும்?" என்று கேட்டான். அப்போதும் ஐவிஐஜி ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ரத்தத்தில் ஏற்றுவது மூளைக்குள் கொஞ்சம்தான் போய்ச் சேரும், என்டரோவைரஸை அடக்க ஆன்டிபாடிதான் முக்கியம், டி செல் மட்டும் போதாது என்று டாக்டர் விளக்கினார். முதுகுத்தண்டு நீரில் பிசிஆர் செய்துதான் கண்டுபிடித்தார்கள். இந்த வைரஸுக்கென்று வழக்கமாகக் கிடைக்கும் மருந்து இல்லை. ஐவிஐஜி டோஸைக் கூட்டினார்கள். நடை ஓரளவு திரும்பியது. காது திரும்பவில்லை.

புதுவெயில்:
எனக்கு நோரோவைரஸ். ஊரே ரெண்டு மூணு நாளில் தேறிவிடும், எனக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை உருகிவிட்டது. சரி, அது கிடக்கட்டும். எல்லாரும் கவனிக்க வேண்டியது தடுப்பூசி. போலியோ சொட்டு மருந்து உயிருள்ள வைரஸ். நமக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் சொட்டு வேண்டாம், ஊசியாகப் போடும் போலியோ மருந்தைக் கேளுங்கள். சிலருக்குக் குடலில் அந்த வைரஸ் வருடக்கணக்கில் தங்கி, உருமாறி வெளியேறியிருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் உயிருள்ளதுதான், வேண்டாம். வீட்டில் எல்லாரும் வருடாவருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை உயிருள்ளது, அதனால் ஊசி வகையே நல்லது. அப்புறம், புதிதாக நோய் தெரிந்தவர்கள் முதல் ஐவிஐஜி ஏற்றும் முன் ரத்தம் எடுத்து ஹெபடைடிஸ் டெஸ்ட் எல்லாம் செய்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எது சொந்தம், எது இரவல் என்று பிரிக்க முடியாது.

வெண்முகில்:
புதுவெயில், தடுப்பூசி விவரமெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ராத்திரி எமர்ஜென்சியில் யாரோ ஒரு புது டாக்டர் இருப்பார். முதல் மணி நேரத்திலேயே அவரைப் பிசிஆர் எடுக்க வைப்பது எப்படி? நான் வாயால் சொன்னால் பதற்றத்தில் பேசும் அம்மா என்றுதான் பார்க்கிறார்கள்.

கரிசல்:
என் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பு) டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஃபைலில் முதல் பக்கம் அதுதான். "இவருக்கு ஆன்டிபாடி பரிசோதனை முடிவுகளை நம்ப வேண்டாம். வைரஸ் சந்தேகம் என்றால் நேரடியாக பிசிஆர் செய்யவும்." அதற்குக் கீழே கடைசியாக ஐவிஐஜி போட்ட தேதி, அவருடைய கைபேசி எண். நான் ஒன்றும் பேசுவதில்லை, அதை நீட்டிவிடுவேன். போன தடவை அதைப் படித்தவர் உட்காராமலே ஸ்வாப் எடுக்கச் சொல்லிவிட்டார்.