மகளின் வளர்ச்சிக் குறிப்பேட்டில் எழுந்துள்ள இரண்டு ஐயங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 மாதங்கள் நிறைந்துள்ளன. அவளுக்குத் தலை நின்ற நாள், குப்புற விழுந்த நாள், தவழத் தொடங்கிய நாள் என ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

அவள் 33 வாரங்களிலேயே பிறந்தவள் என்பதால், இரண்டு வயது வரை, முந்திப் பிறந்த ஏழு வாரங்களைக் கழித்துவிட்டே வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார். அப்படியானால் குறிப்பேட்டில் பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதை எழுதுவதா, கழித்த வயதையா, இரண்டையுமா? பிள்ளைத்தமிழ் இலக்கியம், குழந்தை கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைக்கிறது. இவள் கைகொட்டியதோ பதினொன்றில். ஏழு வாரங்களைக் கழித்துப் பார்த்தபோதுதான் என் மாமியாருக்கு மனம் ஆறியது! துணையின்றி நடக்கும் பருவம் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கூறுவதால், அவள் இன்னும் நடக்காததைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

பேச்சைப் பதிவதுதான் பெரும் குழப்பமாக இருக்கிறது. தண்ணீர்க் குவளையைக் காட்டி அவள் ‘ண்ணி’ என்கிறாள். ஆனால் பாலுக்கும் மழைக்கும் அதே ஒலிதான். இதை முதல் சொல்லாகக் கொள்ளலாமா, அல்லது ஒரே பொருளை மட்டும் தொடர்ந்து குறிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? மழலையை ஒலித்தபடியே எழுதி வைத்தவர்களோ, குறைமாதக் குழந்தையை வளர்த்தவர்களோ தங்கள் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் பகிர்ந்தால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.